வாத்தின் காலில் இருந்த வளையம்

கொடுமுடியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் மார்கழி. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான் என்கிற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

பள்ளி விட்டதும் ஒருவர் வந்தார். காவிரிக் கரையில் வலை விரித்துப் பறவை பிடிப்பவர். ஒடுங்கிய முகம், பல நாள் தூங்காத கண்கள். வாய் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். மடியிலிருந்து ஓர் அலுமினிய வளையத்தை எடுத்து நீட்டினார்.

"காட்டு வாத்து காலுல கெடந்ததுங்க. கறியாக்கிப்போட்டோம். அன்னைக்கிருந்து ஊட்டுக்காரிக்குக் காய்ச்சல் எறங்கலீங்க. எந்தக் கோயிலுக்கு நேந்துவிட்டதுன்னு படிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா. போய் விழுந்து கும்புட்டுட்டு வாரேன்."

வளையத்தில் ஓர் எண்ணும் பம்பாய் விலாசமும் இருந்தன. பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிவிடுவது, சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. "சாமின்னா மன்னிச்சுருமுங்க. இத மாட்டுனவங்க பாத்துட்டே இருப்பாங்களே. தெரியாம செஞ்சுபோட்டேன்னு அவங்களுக்கு ஒரு வரி எழுதுங்க."

வளையத்து எண், ஊர், தேதியை ஒரு தபால் கார்டில் இங்கிலீஷில் எழுதினேன். பம்பாய்க்காரர்கள் சிரிப்பார்கள் என்று அந்த வரியை விட்டுவிட்டேன். படித்துக் காட்டச் சொன்னார். எழுதாததையும் சேர்த்துத் தமிழில் படித்தேன்.

"இனி எறங்கிருமுங்க" என்று கும்பிட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார்.

பிறகு அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்ன மாதிரி இங்கிலீஷில் எழுத எனக்கு வரவில்லை.