முந்நூற்றுப் பத்து என்று சொன்ன காலை

என் மகள் நிரோஷா வகுப்பிலிருந்து அடிக்கடி வெளியே போகக் கேட்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பாடத்திலிருந்து தப்பப் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். வீட்டில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். அதையும் சந்தேகப்பட்டேன். வெளியே போக ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகக் குடிக்கிறாள் என்று என் மனைவி செல்வியிடம் சொன்னேன். அப்போது நிரோஷாவுக்கு ஒன்பது வயது.

மூன்று வாரத்தில் சட்டை அவள் தோளில் நிற்கவில்லை. ஒரு காலையில் வாந்தி எடுத்தாள். மூச்சு வேகமாக வாங்கியது, வாயில் அழுகிய பழத்தின் வாடை. எங்கள் ஊர் பலாபத்வலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலரில் போகும்போதுகூட, "என்னத்தத் தின்ன, உண்மையச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டேதான் போனேன். பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

டாக்டர் சொன்ன பெயர் முதலாம் வகை நீரிழிவு (உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் நோய், இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பாட்டிலுள்ள சீனி இரத்தத்திலேயே தேங்கிவிடும்). நாங்கள் சீனி வருத்தம் என்போம். வயதானவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். டொபி, மிட்டாய் தின்றதால் வரவில்லை, இது யாருடைய பிழையும் இல்லை என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரம் சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, உங்களில் சிலருக்கும் இந்த வருத்தம் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஓர் அப்பா இருக்கலாம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் வேலை மிளகும் கராம்பும் வாங்கும் கடையில் சரக்குப் பார்ப்பது. மூட்டையின் வாயில் காய்ந்த மிளகு இருக்கும். அடியில் ஈர மிளகு இருக்கும். அதனால் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து அள்ளுவேன். கடித்துப் பார்ப்பேன். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பேன். "அண்ணன் தான் பெத்த புள்ளையையும் தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள எடுத்தாராம்" என்று பல்லேகமவிலிருந்து சரக்குக் கொண்டுவரும் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நிரோஷாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு தரம் விரலில் குத்தி, ஒரு சின்ன இயந்திரத்தில் சீனியின் அளவைப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும். எண்ணுக்குத் தக்கபடி எவ்வளவு இன்சுலின் போடுவது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார்.

எண் கூடினால் நான் தேடத் தொடங்குவேன். புத்தகப் பையைக் கவிழ்ப்பேன். அவள் கையை மோந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பேன். செல்வி இரக்கப்பட்டு எதையாவது கொடுத்திருப்பாள் என்று அவளோடு சண்டை பிடிப்பேன். ஒருநாள் இயந்திரத்தையே சந்தேகப்பட்டு என் விரலிலும் குத்திப் பார்த்தேன். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜிலுள்ள மருந்து கெட்டிருக்கும் என்று சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாமல் விட்டது என்னை மட்டும்தான்.

சில மாதத்தில் நிரோஷா தானே விரலில் குத்திப் பார்க்கப் பழகினாள். கொப்பியில் எண்கள் நன்றாக வந்தன. நூற்றுப் பத்து, நூற்று முப்பது, நூற்று இருபது. என் கண்டிப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். இயந்திரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மேல் சரக்கை மட்டும் பார்த்து மூட்டையை ஏற்றுக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

கிளினிக்கில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அது மிகவும் கூடியிருந்தது. டாக்டர் கொப்பியைப் பார்த்தார், பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். தான் பார்த்த எண்ணையெல்லாம் அது உள்ளே வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. இருநூற்று எண்பது. முந்நூற்று நாற்பது. இருநூற்றுத் தொண்ணூறு. கொப்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் நிரோஷாவின் பக்கம் திரும்பினேன். டாக்டர் அவளை நர்ஸுடன் நிறை பார்க்க அனுப்பிவிட்டார். சிங்களக்காரர், தமிழும் நன்றாகவே பேசுவார்.

"கூடின நம்பர் வந்தா நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?"

"ஏன் கூடிச்சினு கேப்பேங்க."

"அதுக்குப் பொறகு?"

"பையப் பாப்பேன்."

"கையையும் மோந்து பாப்பாருங்க" என்றாள் பக்கத்தில் இருந்த செல்வி.

டாக்டர் சிரிக்கவில்லை. "தடிமன், சளி வந்தாலும் கூடும். பரீட்சைப் பயத்துலயும் கூடும். வளர்ற வயசு, சும்மாவும் கூடும். இந்த நம்பர் கள்ளனப் பிடிக்க இல்ல, மருந்து அளக்க. நீங்க கத்தினா புள்ளையோட உடம்புல குறையாது. கொப்பியில மட்டும் குறையும்."

பொய் எண்ணுக்கு மருந்து போட்டு எத்தனை மாதம் அவளைக் கெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் கோபம் அவள் மேல்தான் வந்தது. திரும்பும் பஸ்ஸில் கொப்பியைத் தாள் தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாளிலிருந்து எந்த எண்ணைச் சொன்னாலும் முதலில் "சரி" என்று சொல்வது என்று முடிவெடுத்தேன். சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

மூன்றாம் நாள் நிரோஷா கேட்டாள்: "என்னப்பா, ஒரு மாதிரி பாக்குறீங்க?"

"ஒரு மாதிரியும் இல்ல."

"அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சலா?"

"நடிக்கிறாரு. கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும்" என்றாள் செல்வி.

என் அமைதியை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை என்பதுதான் உண்மை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. நிரோஷா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குத்தினாள். "முந்நூத்திப் பத்து" என்றாள்.

"சரி" என்றேன். தாளைப் பார்த்து, கூடுதலாக மருந்து எடுத்தேன். அவள் வயிற்றுப் பக்கம் சட்டையைத் தூக்கினாள். ஊசியைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"போடாதீங்கப்பா."

"வலிக்குதா?"

"முந்நூத்திப் பத்து இல்ல. நூத்தி நாப்பது."

"அப்ப ஏன் அப்படிச் சொன்ன?"

"கத்துறீங்களானு பாத்தேன்."

மூட்டைக்குள் நான் கை விடுவதுபோல அவள் எனக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த மருந்து ஏறியிருந்தால் அவளுக்கு ஹைப்போ (சீனி ஒரேயடியாக விழுந்து நினைவு தப்பும் நிலை) வந்திருக்கும். என் வலது கை தானாக ஓங்கியது. அந்தக் கையில்தான் ஊசி இருந்தது.

ஊசியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். குழாயில் முகம் கழுவினேன். இரண்டாம் தரமும் கழுவினேன். திரும்பி வந்தபோது அவள் சட்டையைத் தூக்கியபடியே நின்றாள்.

"இதுல மட்டும் வெளையாடக் கூடாது மகளே. உயிர் போயிரும்."

"அதான் போட முந்தி சொன்னேனே."

"சொன்னது நல்லது."

"கோவமா?"

"கோவந்தான்."

"கத்தலையே."

"கத்தணும் போலதான் இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒருநாள் பனிஸ் (இனிப்புப் பன்) தின்றது உண்மை. மற்ற நாளெல்லாம் ஒன்றும் தின்னாமலே கூடியது. அதைச் சொன்னால் நான் நம்ப மாட்டேன் என்று கொப்பியில் குறைத்து எழுதினாள். அன்று அவளுக்குப் பள்ளிக்கூடமும் பிந்தியது, எனக்குக் கடையும் பிந்தியது.

பிள்ளைகளே, ஒருநாளும் நீங்கள் அவள் செய்ததைச் செய்யாதீர்கள். என்ன எண் வந்தாலும் அதை அப்படியே சொல்லுங்கள். பயமாக இருந்தால், "சொல்றேன், கத்தாமக் கேளுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் அம்மாவிடமோ கிளினிக் நர்ஸிடமோ சொல்லுங்கள். பெரியவர்கள் கத்துவது பெரும்பாலும் பயத்தால்தான். ஆனால் அந்தப் பயத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

என் சந்தேகம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். எண் கூடும் நாளில் கண் அவள் பைக்குப் போகத்தான் செய்கிறது. சீனி விழப்போகும்போது உதடு மரத்து, விரல் நடுங்கும் என்று நிரோஷா தன் உடம்பைக் கற்று வைத்திருக்கிறாள். நானும் என்னுடையதைக் கற்றுக்கொள்கிறேன். எனக்குக் கோபம் முதலில் காதில் சூடாக வருகிறது. பிறகுதான் கைக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. நாற்பது வயது வரைக்கும் அது எனக்குத் தெரியாது.

இரத்தத் துளியை வைத்ததும் இயந்திரம் எண்ணைக் காட்ட ஐந்து நொடி எடுக்கும். முன்பு அந்த ஐந்து நொடியில் அவள் மூச்சு விடாமல் நிற்பாள். நானும் விட மாட்டேன். இப்போது அவளே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துத்தான் பார்க்கிறாள். நேற்றுக் காலை அந்த ஐந்து நொடியில் நிரோஷா வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள்.