மூன்று தரம் கேட்ட சிப்பாய்

கற்பிட்டியில் படகு இஞ்சின் திருத்தும் இஸ்ஸதீனுக்கு நாற்பத்தாறு வயது. வேலைக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஜோடிச் செஸ். இரண்டு பலகை, நான்கு பேர். அவருடைய ஜோடி, தலவிலவில் மீன்பிடிக்கும் அன்ரன், பக்கத்துப் பலகையில் ஆடுவார். ஒருவர் வெட்டும் காய் மற்றவரின் கைக்குப் போகும். அவர் அதைத் தன் பலகையில் வெறும் கட்டமொன்றில் வைத்து ஆடலாம்.

இஸ்ஸதீன் பெரிய காய்களையே துரத்துவார். "சிப்பாய் ஒண்டு தந்தா என்ன, தராட்டி என்ன?" என்பார்.

இஸ்ஸதீனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அன்ரன் சிரிப்பார். "கையில இருக்கிற சிப்பாய் வேற, நானா. வேணுமான இடத்துல வைக்கலாமே."

ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் இப்படியே ஆடினார்கள்.

போன வருடம் புத்தளத்தில் நடந்த போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டார்கள். அதில் எதிராளியின் ராணி தூரத்திலிருந்து அன்ரனின் ராஜாவுக்குச் செக் வைத்தது. ராஜா நகர இடமில்லை. நடுவில் ஒரு காயை வைத்து மறித்தால் தப்பலாம். அன்ரனின் கையில் ஒன்றுமில்லை. ஜோடி தரும்வரை காத்திருக்கலாம், ஆனால் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்.

"நானா, ஒரு சிப்பாய்."

இஸ்ஸதீனின் குதிரை ஒரு சிப்பாயை வெட்டலாம். பதிலுக்குக் குதிரை போகும். இன்னும் இரண்டு நகர்த்தல் பொறுத்தால் தன் எதிராளியின் ராணியே கிடைக்கும்.

"கொஞ்சம் பொறு அன்ரன், ராணி வருது."

இஸ்ஸதீனுக்கு எதிரே இருந்தவர் நிலைமை விளங்கி, வேண்டுமென்றே தாமதித்தார். அன்ரன் இன்னும் இரண்டு தரம் கேட்டார். இஸ்ஸதீன் தலை நிமிரவில்லை. கடைசியில் ராணியை வெட்டிப் பக்கத்தில் நீட்டியபோது அன்ரனின் நேரம் முடிந்து, ஜோடியே தோற்றிருந்தது.

"ஒரு சிப்பாய் இல்லாம சமாளிக்கத் தெரியாதா உனக்கு?" என்றார் இஸ்ஸதீன், எல்லோரும் கேட்க.

அன்ரன் ராணியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு ஆசனத்தில் இருந்தார்.

அடுத்த நாள் வீட்டில் இஸ்ஸதீன் காய்களை அன்ரனின் பலகையில் இருந்ததுபோல அடுக்கிப் பார்த்தார். நடுவில் ஒரு சிப்பாயை வைத்தார். ராஜா தப்பியது. அடுத்த நகர்த்தலிலேயே அன்ரன் ஆட்டத்தை முடித்திருப்பார்.

அன்றைக்கே போன் எடுத்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் தலவிலவுக்குப் போனார். அன்ரனின் மனைவி மெலனி தேத்தண்ணி தந்தார். அன்ரன் காற்றைப் பற்றியும் மீன்பாட்டைப் பற்றியும் கதைத்தார்.

"பிழை என்ட பக்கம்தான், அன்ரன்."

"தோத்தது பெரிசில்ல, நானா. மூணு தரம் கேட்டன். நீங்க நிமிந்துகூடப் பாக்கல்ல."

குரலில் கோபமில்லை. இஸ்ஸதீனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிக் கேட்டார்.

"பாப்போம்," என்றார் அன்ரன். அவர் வரவில்லை.

இப்போது இஸ்ஸதீன் றிஸ்வி என்பவரோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறார். றிஸ்வி கேட்காத சிப்பாய்களையும் இஸ்ஸதீன் வெட்டி வெட்டி நீட்டுகிறார். அதனாலேயே அடிக்கடி தோற்கிறார்கள்.