மொட்டைமாடியில் ஒரு ஆண்டெனா

அருள்பாண்டிக்குத் தூத்துக்குடிப் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை பார்த்தான். வல்லம் வடகாலில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருந்தான். தானே செய்த பெட்டியில் முகம் தெரியாதவர்களோடு பேசுவான். என் கம்ப்யூட்டரில் ஆண்டெனா வரைந்து பார்ப்பான். கம்பியின் நீளம், உயரம், திசை மூன்றையும் கொடுத்தால், அலை எந்தப் பக்கம் போகும் என்று மென்பொருள் ஒரு பலூன் போலக் காட்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கணக்கு சரியென்றால் கம்பியும் சரிதான் என்பது என் கட்சி.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. அவன் அக்கா வேல்விழியை அந்தமானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். போன் போகவில்லை. அங்கிருந்த ஹாம்காரர்கள்தான் பிழைத்தவர்களின் பெயர்களை விசாரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அருள்பாண்டி லீவு போட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஆண்டெனா கணக்குப் போட்டு, மாடியில் வடக்குத் தெற்காகக் கட்டினான். படத்தில் அலை கம்பிக்குக் குறுக்கே, நேரே கிழக்கே அந்தமான் பக்கம் போனது. ஆனால் அந்தமான் குரல் மெலிசாகத்தான் வந்தது. தொண்டை கட்டும்வரை இவன் கூப்பிட்டும் அங்கே கேட்கவில்லை.

ஆண்டெனாவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவன், திடீரென்று கீழே ஓடிவந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அவன் கணக்குப் போட்டது காலி மாடிக்கு. எங்கள் மாடி என்றைக்குக் காலியாக இருந்தது? மூன்று ஷிப்ட் ஆட்களும் துணி உலர்த்த, கிழக்கு ஓரத்தில் வரிசையாக இரும்புக் கொடிக்கம்பி. அவற்றையும் படத்தில் சேர்த்ததும் பலூன் அப்படியே மேற்கே திரும்பிக்கொண்டது.

"இம்புட்டு நேரமும் பெங்களூர்க்காரங்கிட்ட கத்திக்கிட்டு கெடந்திருக்கேன்" என்றான்.

கம்பிகளைக் கழற்ற வேண்டும் என்று அறை அறையாகப் போய்க் கேட்டான். காஞ்சிபுரத்து மூர்த்தி விடவில்லை. "இன்னாபா, என் ஜட்டி தொங்குனா அந்தமானுக்குக் கேக்காதா?"

அருள்பாண்டி அக்கா பெயரைச் சொன்னான். மூர்த்தி கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மாடியேறினான்.

அன்று மத்தியானமே அங்கே கேட்டுவிட்டது. பெயரும் ஊரும் கொடுத்தான். மறுநாள் பதில் வந்தது. ஒரு முகாமில் வேல்விழி என்று ஒரு பெண் இருக்கிறாளாம். புருஷன் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லையாம். வயதைக் கேட்பதற்குள் குரல் இரைச்சலில் அமுங்கிவிட்டது.

எஸ்டிடி பூத்துக்கு நானும் கூடப் போனேன். அக்கா கிடைத்துவிட்டாள் என்றே அம்மாவிடம் சொல்லிவிடு என்றேன். தலையாட்டினான். ஊரில் பக்கத்து வீட்டு போனருகே காத்திருந்த அம்மா, இவன் அப்படியே சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். அவர் கத்திப் பேசியதில், கதவு திறந்திருந்த கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"அக்கா கொரலக் கேட்டியாப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இல்லம்மா. பேரத்தான் கேட்டேன்."