அண்ணாந்து குடிக்க முடியாத பானம்

இந்தப் பினாங்கில் குடிப்பதற்குக் கரண்டி தருகிறார்கள். நான் கப்பலிறங்கிய வாரம், கடைவீதியில் பழத்தண்ணீர் விற்கும் சீனரிடம் ஒரு கிளாஸ் வாங்கினேன். கூடவே ஒரு கரண்டியை நீட்டினார். தவறிக் கொடுத்துவிட்டார் போல என்று திருப்பிக் கொடுத்தேன். நான் அழுக்கைப் பார்த்து முகம் சுளித்ததாக நினைத்தாரோ என்னவோ, கழுவித் துடைத்துத் தந்தார். மறுபடி கொடுத்தேன். மனிதர் பெரிய கரண்டியாக ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். பிறகுதான் கிளாஸுக்குள் பார்த்தேன். அன்னாசியும் ஆரஞ்சும் துண்டு துண்டாக மிதந்தன. ஊரில் இருப்பவர்களே, நாம் பழத்தைத் தின்போம், தண்ணீரைக் குடிப்போம். இரண்டையும் ஒரே வேலையாக முடிக்கும் சோம்பேறித்தனம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. நாலு வருஷத்தில் அதைக் கலக்கும் கைப்பக்குவம் எனக்கும் வந்தது. கிளாஸ் விளிம்பில் உதடு வைத்து உறிஞ்சும் பழக்கமும் நான் அறியாமலே கூட வந்தது.

போன விடுப்பில் நம்ம ஊர் விளாங்குடிக்கு வந்தபோது எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எழுமலைப் பெண். உசிலம்பட்டிச் சந்தையில் அவளைத் தூரத்திலிருந்து ஒரே ஒரு முறை பார்த்தேன். தேங்காய்க்காரரிடம் பேரம் பேசி அவரையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் என் கால் தரையில் பாவவில்லை. பெண்ணின் தாய்மாமன்தான் முட்டுக்கட்டை. அவருக்குத் தெரிந்து கப்பலேறிய ஒருவன் அக்கரையிலேயே குடும்பம் வைத்துக்கொண்டானாம். இந்த மாப்பிள்ளை இன்னும் நம்ம ஆள்தானா என்று அவரே நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் வேண்டாம் என்றால் எல்லாம் முடிந்தது.

அவர் வரும் நாளில் காப்பி போதும் என்றார் அம்மா. நான் கேட்டால்தானே? டவுனுக்குச் சைக்கிளில் போய், மரத்தூளில் பொதிந்த ஐஸ்கட்டி வாங்கி வந்தேன். அன்னாசியைப் பொடியாக நறுக்கி, ஆரஞ்சுச் சுளையை உரித்து, மாதுளையை உதிர்த்து, எலுமிச்சை பிழிந்து, சீனிப்பாகு ஊற்றி, இஞ்சிச் சாறு இரண்டு சொட்டு விட்டேன்.

"பழத்தத் தின்னக் குடுத்து மோரைக் குடிக்கக் குடுத்தா ஆகாதா? எதுக்குடா இம்புட்டுப் பாடு?" என்றார் அம்மா. நான் பாட்டுப் பாடிக்கொண்டே கலக்கினேன்.

மாமனும் அவர் தம்பியும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பினாங்கிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றிக் கொடுத்தேன். கரண்டி வைக்க மறந்துபோனேன். அவர்கள் கூச்சப்படக் கூடாதே என்று நானும் ஒன்றை எடுத்து, வாய் வைத்து உறிஞ்சினேன்.

மாமன் முகம் சுருங்கியது. "தம்பி, எச்சி பண்ணியா குடிக்கிறீக?"

எனக்கு உயிரே போய்விட்டது. சந்தையில் பார்த்த அந்தப் பெண் இனி எனக்கில்லை என்றே நினைத்தேன்.

"நம்ம பக்கம் இப்பிடித்தான்" என்று சொல்லி மாமன் அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினார். தண்ணீர் ஒழுங்காக வாய்க்குள் போனது. அன்னாசிக்கு அந்த ஒழுங்கு தெரியவில்லை. ஒரு துண்டு மூக்கில் விழுந்தது, ஒன்று மீசையில் தங்கியது, மாதுளை முத்துகள் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கின.

"அண்ணே, மீசை பழுத்திருச்சு" என்று சொல்லிச் சிரித்த தம்பிக்குப் புரையேறிவிட்டது.

நானும் நம்ம ஆள்தான் என்று காட்ட, அவசரமாகக் கிளாஸைத் தூக்கி அண்ணாந்தேன். நாலு வருஷத்தில் கை மறந்திருந்தது. மொத்தமும் சட்டையில் இறங்கியது. ஐஸ் துண்டு நெஞ்சில் பட்டதும் துள்ளிக் குதித்தேன்.

துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மாமன் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். கிளாஸ் விளிம்பில் உதடு வைத்து, கண்ணை மூடி, உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"ஊருல சொல்லிப்புடாதீக மாப்ள. பொண்ணு தாரோம். இன்னம் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினேன். அவர் பினாங்குக்காரரைப் போல அடி வரை உறிஞ்சி முடித்தார். நான் எழுமலைக்காரனைப் போல மறுபடி அண்ணாந்து, மறுபடியும் சட்டையை நனைத்துக்கொண்டேன்.