காகிதம் ஒட்டிய முள்

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தது அம்மாவும், அம்மாவின் தம்பி சேகர் மாமாவும், ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நானும்தான். இல்லாதவர் அப்பா, ஆனால் அவருடைய குரல் மட்டும் கூடத்தில் எங்களோடு இருந்தது. மூலையிலிருந்த இரும்புப் பெட்டி முனகிக்கொண்டே சூடேற, அதிலிருந்து கிளம்பிய வார்னிஷ் வாசனை வாசலில் காய்ந்த கருவாட்டின் வாசனையையும் மீறி மூக்கில் ஏறியது. இப்போதும் எங்காவது டிரான்ஸ்பார்மர் சூடாகும் வாசனை வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது பயமில்லை, இங்கே யார் யாரை நம்பாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணம்தான்.

காரைக்கால்மேட்டில் விசைப்படகில் பங்கு வைத்திருந்த சில வீடுகளில் அப்போது "கரை செட்டு" என்று சொல்லப்பட்ட வயர்லெஸ் இருந்தது. கடலில் இருப்பவர்கள் படகிலிருந்து கூப்பிடுவார்கள், கரையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள், ஐஸுக்கும் வியாபாரிக்கும் அதற்குள் ஏற்பாடு நடந்துவிடும். படகில் அது பேட்டரியில் ஓடும். வீட்டிலோ, வீட்டுக் கரண்டைப் "பேட்டரி கரண்டாக" மாற்றிக் கொடுக்க அந்த இரும்புப் பெட்டி வேண்டும். அதன் முகத்தில் கண்ணாடிக்குள் ஒரு முள் உண்டு. பதினான்கு வோல்டுக்குச் சற்று முன்னால் அது நின்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். அம்மா விளக்கேற்றும்போது அந்த முள்ளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். அது கொஞ்சம் அசைந்தால், "எதுத்த வீட்டுக்காரன் மோட்டார போட்டுட்டான், நம்ம கரண்ட இழுக்குறான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொல்வார். எதிர்வீட்டில் மோட்டாரே கிடையாது என்பதை நான் சொல்லியும் அவர் நம்பியதில்லை.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில் முள் அதிகமாகவே நடுங்கத் தொடங்கியது. உப்புக்காற்று பட்டு உள்ளே ஏதோ பச்சை பூத்திருக்க வேண்டும். சேகர் மாமா கடலுக்குப் போவதில்லை. சிறுவயதில் அலையில் கவிழ்ந்ததிலிருந்து அவருக்கு ஒரு காது மந்தம். ஏலம், ஐஸ், டீசல் என்று கரை வேலை முழுவதையும் அவர்தான் பார்த்தார், செட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டும் நண்பர் ஒருவரிடமிருந்து எண்ணில் காட்டும் மஞ்சள் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிவந்து, அதன் இரண்டு கம்பிகளையும் பெட்டியின் வாயில் வைத்தார். முள் பதினான்குக்குக் கீழே நின்றது. மஞ்சள் மீட்டரோ பதினாறு என்றது.

"பதினாறுன்னா செட்டு எரிஞ்சி போயிடும்க்கா," என்றார் மாமா.

"முள்ளு அப்புடி சொல்லலியேடா."

"முள்ளு நடுங்குது, நம்பர் நடுங்குதா பாரு. எத நம்புறது? ஓரத்துல குட்டியா பேட்டரி படம் வேற போடுது பாத்தியா? பேட்டரி கரண்டுதான் அளக்குறேன்னு அதுவே சொல்லுது."

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. மாமா பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னத் திருகைக் கத்தி முனையால் திருப்பித் திருப்பி, மஞ்சள் மீட்டரில் பதினான்குக்குச் சற்றுக் குறைவாக எண் வந்ததும் நிறுத்தினார். முள் பன்னிரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. கெட்டுப்போன முள்ளைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாதென்று அம்மா நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, அந்தக் கண்ணாடியின் மேல் ஒட்டிவிட்டார்.

நான் சொல்லத் தொடங்கிய சாயங்காலம் அதற்கு அடுத்து வந்ததுதான். அப்பாவின் குரல் வந்தது. "கரை, கரை! சேகரு, வலை நெறைய கானாங்கெளுத்தி. ஐஸ் வண்டிக்குச் சொல்லியாச்சா? ஓவர்."

"சொல்லியாச்சு மச்சான், வண்டி தொறைமொகத்துல நிக்குது, நேரா இங்க வாங்க, ஓவர்." மாமா பொத்தானை அழுத்தியதும் செட்டின் வெளிச்சம் மங்கி, "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது, விட்டதும் வெளிச்சம் திரும்பியது. அப்பா மறுபடியும் அதையே கேட்டார். மாமா மறுபடியும் கத்தினார். அப்பா பேசுவதெல்லாம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. நாங்கள் பேசுவது ஒன்றும் அங்கே போகவில்லை. "படகு செட்டுலதான் கோளாறு" என்று மாமா எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அப்பாவுக்குத் தோன்றியது வேறு. அதற்கு முந்தைய வாரம்தான், மீனை வேறொரு வியாபாரிக்குப் போடலாம் என்று மாமா சொன்னதும், "கடலுக்கு வராதவனுக்கு வாய் எதுக்கு?" என்று அப்பா ஏலக்கூடத்தில் நாலுபேர் முன்னால் கேட்டதும் நடந்திருந்தது. "கேக்குது அவனுக்கு. கேட்டுக்கிட்டேதான் கெடக்குறான்," என்றது செட்டு. "எஞ் சோத்தத் தின்னுட்டு என்னையே கவுக்கப் பாக்குறான்." அந்த அலைவரிசையில் ஊரே இருந்தது. "மச்சானும் மச்சானும் அடிச்சிக்கிறதுக்கு ஊரு செட்டு எதுக்குப்பா?" என்று வேறொரு படகுக்காரர் இடையில் புகுந்து சிரித்தார்.

மாமா கையிலிருந்த மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தெருக்கோடி வீட்டு செட்டுலேருந்தாவது சொல்லிட்டு வாடா," என்றார் அம்மா.

"ஊரே கேட்டுச்சுக்கா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போவேன்?"

அம்மாவே ஓடினார், கோடி வீடு பூட்டிக் கிடந்தது. அதற்குள் அப்பா படகை நாகப்பட்டினத்துக்குத் திருப்பியிருந்தார். அங்கே சொல்லிவைத்த ஐஸும் இல்லை, தெரிந்த ஆளும் இல்லை. அத்தனை மீனும் கருவாட்டு விலைக்குப் போக, எங்கள் துறைமுகத்தில் காத்து நின்ற வண்டியிலிருந்து ஐஸ் உருகித் தரையெல்லாம் ஓடியது.

மறுநாள் காலையில் அப்பா வீட்டுக்கு வரவில்லை, நேராக அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார். மாமா அங்கே வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆளனுப்பினார். எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவர், சத்தியம் கேட்டவர் வீட்டில் அதன்பிறகு "கை நனைப்பதில்லை", ஒரு வாய்ச் சோறுகூடச் சாப்பிடுவதில்லை. அதனால்தான் பெரியவர்கள், "சூடம் கேக்குறதுக்கு முன்னாடி சோத்த நெனச்சுக்க" என்பார்கள்.

"மாமா பேசுனாங்கப்பா, நான் பாத்தேன்," என்றேன்.

"மாமன் மிட்டாய் வாங்கிக் குடுத்தா நீ எதத்தான் பாக்க மாட்ட?" என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. "நான் பேசுனேன். வேணும்னு வாய மூடிக்கிட்டு இருக்கல," என்று சொல்லி, உள்ளங்கையால் சுடரை அமுக்கினார். அவர் மைக்கைக் கீழே வைத்தது அப்போது என் கண்முன் வந்துபோனதை மறைக்க முடியாது. அது பேசிப் பார்த்து முடியாமல் வைத்ததா, பேச முடிந்தும் பேசாமல் வைத்ததா என்று பத்து வயதில் நான் சந்தேகப்பட்டேன். இன்றும் முழுக்கத் தீரவில்லை.

அன்று மதியம் அம்மா அடுப்பு மூட்டவில்லை. கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றவர் அவர். எந்தக் கடைத் தராசையும் நம்பமாட்டார். தன் அரிவாள்மனை எத்தனை எடை என்பது அவருக்குத் தெரியும். முதலில் அதைத் தட்டில் வைத்துப் பார்த்து, தராசு சரியான எடையைச் சொன்னால்தான் மீனை வைப்பார். அந்தக் கண்ணோடுதான் இப்போது மஞ்சள் மீட்டரைப் பார்த்தார். "சூடம் அணைக்க வேண்டியது என் தம்பி இல்ல, இதுதான்," என்று சொல்லிவிட்டு, என்னைக் கடைக்கு அனுப்பி, பிரிக்காத பென்சில் செல் ஒன்றை வாங்கிவரச் செய்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, படி."

"ஒன்றரை வோல்ட்."

"மீட்டரு என்ன சொல்லுது?"

ஒன்று புள்ளி எட்டு ஐந்து என்றது மீட்டர்.

"புதுச் செல்லுன்னாலும் இவ்வளவா? எல்லாத்தையும் தூக்கித் தூக்கித்தான் காட்டுது," என்ற அம்மா, நாட்காட்டித் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். அடியில் முள் பன்னிரண்டுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தது. அந்தக் கரண்டு செட்டில் கேட்பதற்குப் போதும், பேசுவதற்குப் போதாது. அம்மா கூப்பிட்டு வந்த எதிர்வீட்டு அண்ணன் மீட்டரின் முதுகைத் திறந்தார். உள்ளே இருந்த சதுர பேட்டரியின் முனைகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. அது தீரத் தீர மீட்டர் எதையும் கூட்டித்தான் காட்டும் என்றார். என் உசிர் போகப்போகிறது என்று அந்த மீட்டர் ஓரத்தில் படம் போட்டுச் சொன்னதைத்தான் மாமா வேறாகப் படித்திருந்தார். புதுப் பேட்டரி போட்டதும் முள்ளும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லின. திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பி அம்மா மைக்கை அழுத்தினார், வெளிச்சம் மங்கவில்லை. "என்னக்கா, இன்னிக்குத்தான் வாய் தொறந்திருக்கீங்க?" என்று கடலிலிருந்து யாரோ கேட்டார்.

அப்பா எல்லாவற்றையும் நின்று பார்த்தார். "மீட்டரு பொய் சொன்னா, அவன் உண்மை சொன்னதா ஆயிடுமா?" என்றார் முதலில். பிறகு மாமாவைக் கூப்பிடப் போனார். நானும் பின்னால் போனேன். மாமா தன் துணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மீட்டருதான்டா கெடுத்துடுச்சு, வாடா சாப்புட."

"மீட்டரு கெடுத்துச்சு, சரி மச்சான். முள்ளு உண்மைய சொன்னப்ப நான் நம்பல. நான் சொன்னப்ப நீங்க நம்பல. சூடம் அணைச்ச கை, உங்க சோத்துல எப்புடி வைக்கிறது?"

மாமா மண்டபத்தூருக்குப் போய் வேறொரு படகுக்குக் கரை வேலை பார்க்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து பாலிடெக்னிக் போன முதல் ஆள் நான். இப்போது வீடுகளுக்கு இன்வர்ட்டர் பழுது பார்க்கிறேன். எந்த வீட்டிலும் முதலில் என் மீட்டரை ஒரு புதுச் செல்லில் வைத்துத்தான் பார்ப்பேன். "எங்க இன்வர்ட்டரப் பாக்க வந்தீங்களா தம்பி, உங்க செல்லப் பாக்க வந்தீங்களா?" என்று வரிச்சிக்குடியில் ஒரு அம்மா கேட்டார். கரை செட்டு இருந்த வீடுகளில் இப்போது அது இல்லை, கைபேசி வந்துவிட்டது. எங்கள் பெட்டியும் பழைய இரும்புக்குப் போனது, கண்ணாடி ஓரத்தில் நாட்காட்டித் தாளின் பிசிறோடு. போன மாதம், அதற்கெல்லாம் பிறகு பிறந்த என் தங்கையின் கல்யாணத்துக்கு மாமா வந்தார், மணமேடையில் தாய்மாமன் முறைக்கு நின்றார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். பந்திக்கு அழைக்க அப்பா கையைப் பிடித்தபோது, வெளியே வண்டி நிற்கிறது என்று சொல்லிச் செருப்பைத் தேடினார்.

மஞ்சள் மீட்டருக்கு அன்று அம்மா வாங்கிப் போட்ட சதுர பேட்டரியின் விலை இருபது ரூபாய்.