ஆண்டர்சன்பேட்டை என்று எழுதிய பெட்டிகள்

தனலட்சுமி அம்மாள் ஆண்டர்சன்பேட்டையில் காலமான செய்தி, ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் எனக்கு ஜாம்பியாவிலிருந்து வந்தது. அங்கே செம்புச் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருக்கும் நம் பெருமாள்தான் அழைத்தார். "சார், அக்கா போய்ட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" பக்கத்துப் பேட்டைச் செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தது. அம்மாளின் வியாபாரமும் அந்த வழியில்தான் நடந்தது.

அவரை அறிந்த நம் ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். இங்கிருந்த தங்கச் சுரங்கம் மூடிய பிறகு நம் ஆட்கள் எந்தெந்த நாட்டுச் சுரங்கங்களுக்கோ வேலைக்குப் போனார்கள். அம்மாள் தம் பட்டறையில் செய்த, பாறை துளைக்கும் பிட்டுகளை அவர்கள் மூலமே அங்கெல்லாம் விற்றார். புதிதாக யார் ஃபோன் செய்தாலும் முதல் கேள்வி, "நீ எந்த லைன்ல இருந்த?" குடியிருப்பு லைனைச் சொன்னால் போதும், மாலைக்குள் அந்த ஆளைப் பற்றி முழுக்க விசாரித்துவிடுவார். சாதியையோ மொழியையோ கேட்டதாக எனக்கு நினைவில்லை. "ஒரே கேஜ்ல சொரங்கத்துக்குள்ள எறங்கினவன்லாம் நம்ம ஆளுதான் சார்."

நான் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் அவரிடம் சரக்கைச் சோதிப்பவனாகச் சேர்ந்தேன். ஒருமுறை ஜாம்பியாவுக்குப் போக வேண்டிய பிட்டுகளில் எஃகின் பதம் குறைந்திருப்பதாகப் பட்டது. என் அளவுதான் தவறோ என்று மூன்று நாள் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டே சொன்னேன். பெருமாள் ஃபோனில், "அனுப்புக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று வந்திருந்த பெங்களூர் தரகர் இன்னொரு வழி சொன்னார். "மூடிப்போன ஊர் பேரைப் போட்டா யாரு வாங்குவாங்க? எங்க கம்பெனி பெட்டியில அனுப்புங்க. குறை வந்தாலும் உங்க மேல வராது."

"சுரங்கம்தான் சார் மூடிச்சு. நாங்க இங்கதான் கீறோம்" என்றார் அம்மாள். பிறகு ஃபோனில், "இன்னாடா பெருமாளு, பிட்டு ஒடஞ்சி எவனுக்காவது கண்ணு போனா அதையும் நீ பாத்துக்குவியா? அப்பறம் நம்ம ஆளுன்னு எவன்டா நம்புவான்?"

அத்தனையும் மறுபடி உலைக்குப் போயின. சரக்குத் தாமதமாகும், காரணம் இது என்று ஜாம்பியாச் சுரங்கத்துக்கு எழுதி, சோதித்தவன் என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"ஆர்டர் போயிடுமேம்மா."

"போனா போவட்டும். பேரோட போவட்டும்."

போகவில்லை. அந்தக் கடிதத்தைப் பெருமாளே எடுத்துக்கொண்டு மேலதிகாரி முன் போய் நின்றார். சுரங்கத்தார் புதுச் சரக்கு வரும்வரை காத்திருந்தார்கள்.

அம்மாளின் காரியம் முடிவதற்குள் தரகர் என்னை அழைத்தார். "இனிமே அந்தப் பட்டறையை யாரு பாக்கப் போறாங்க? வெளிநாட்டு நம்பர்லாம் உங்ககிட்டதானே இருக்கு, குடுத்துடுங்க சார்." நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவன். "முடியாது" என்றேன். குரல் சரியாகக் கேட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் இன்னொரு முறையும் சொன்னேன்.

பட்டறையை இப்போது அம்மாளின் மகள் நடத்துகிறார். பெட்டிகளில் ஊர்ப் பெயரை மைபூசிப் பதிக்க அம்மாள் வெட்டிவைத்திருந்த தகரத் தகட்டை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த சரக்கு திங்கட்கிழமை புறப்படுகிறது. பெட்டிகளில் மை பூசப்போவது நான்தான். எழுத்துக் கோணலாக விழலாம். ஆனால் எந்த ஊர் என்று படிக்க முடியும்.