அக்காள் அள்ளிய உப்பு

பினாங்குத் துறைமுகத்தில் உப்பு சும்மா கிடக்கிறது. சயாம் கப்பல் இறக்கிப் போட்ட குவியல்; பக்கத்தில் வேலி இல்லை, தடியோடு ஆள் இல்லை. வந்திறங்கிய வாரம் எனக்கு அது பொறுக்கவில்லை. மலாயில் 'ஜாகா' என்றால் காவல்காரன் என்று கப்பலிலேயே கற்று வைத்திருந்தேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரரிடம் குவியலைக் காட்டி, "ஜாகா? ஜாகா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காவல் வேலை காலியில்லை என்று கையை விரித்துவிட்டு, ஆறுதலுக்கு ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்.

அவர் நினைத்ததும் முழுப்பிசகு இல்லை. ஊரில் நான் பார்த்தது அந்த வேலைதான். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிப் படிப்பை வைத்து உப்பு இலாகாவில் சேவகனாகச் சேர்ந்தேன். கொற்கைக்குக் கிழக்கே சதுப்பு; சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றினால் யாரும் விதைக்காமலே உப்புப் பூக்கும். ஜனங்கள் அதை அள்ளக்கூடாது, சர்க்கார் உப்பைத்தான் வாங்க வேண்டும். ஆகவே கூலியாட்களை விட்டு அதைச் சேற்றோடு மிதித்து அழிப்பது என் உத்தியோகம். ஆண்டவர் தந்ததை அழிக்கச் சம்பளம் வாங்கினேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை.

ஒரு காலையில் இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தார். சதுப்பில் ஒருத்தி குனிந்து கூடையில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தாள். என் அக்காள் ஞானப்பூ. கருவாடு போட உப்புக்கு வந்திருந்தாள்.

"பேரைக் கேட்டு எழுதுடா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒம் பேரென்ன?" என்றேன், தரையைப் பார்த்து.

"ஏலே, எம் பேரு ஒனக்குத் தெரியாதா? இந்த உப்ப ஒஞ் சர்க்காரா வெதச்சுது?"

"யாருடா இவள்?"

"எங்கூடப் பொறந்தவ, ஐயா."

"அப்படியானால் பிழையில்லாமல் எழுது."

நான் எழுதவில்லை. சர்க்கார் வில்லை போட்ட இடுப்புவாரைக் கழற்றி அவர் குதிரைக்கு முன்னால் வைத்தேன். அவரே எழுதிக்கொண்டார். அக்காள் இரண்டு நாள் காவலில் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் எனக்குச் சோறு போட்டாள். குழம்பில் உப்பே இல்லை. "சர்க்கார் ஆளுக்கு இங்கன உப்பு கெடையாது" என்றாள்.

"கழத்துன வாரத் திரும்பக் கட்டல, அக்கா. வேலய விட்டுட்டேன்."

"பொறவு ஏம்ல அத மொதல்லயே சொல்லல?" என்று சிரித்து, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். வாயில் வைக்க முடியாமல் கரித்தது; முழுக்கத் தின்றேன். அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

சர்க்காரே வேண்டாம் என்கிறவன் இல்லை நான். கள்ளனைப் பிடிக்கட்டும், தாமிரபரணி கரை உடைத்தால் அடைக்கட்டும். அதற்குமேல் ஒருத்தி அடுக்களைப் பானைக்குள் அதற்கு என்ன வேலை? இங்கேயும் அதே இங்கிலீஷ் ராஜாதான் ஆளுகிறார். உப்பை விட்டுவிட்டு அபின் வியாபாரத்தைத் தன் கையில் பிடித்திருக்கிறார். மற்றபடி, துணிக்கடைக் குமாஸ்தாவான என்னை அவர் தொந்தரவு செய்வதில்லை.

ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனையில் ராஜாவுக்காக ஜெபிக்கிறோம். முடியும்போது எனக்குள் இருக்கும் பினாங்குக்காரன் 'ஆமென்' சொல்லிவிடுகிறான். உள்ளே இருக்கும் கொற்கைக்காரன் மட்டும் வாயைத் திறக்காமல், அடுத்த பாட்டைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.